ஹவில்தாருக்கு ஒரு வாய்தா

பெரியம்மா வீட்டில் பத்திரமான காகிதங்கள் மொத்தம் மூன்று. ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ். மூன்றும் ஒரு பழைய ஜவுளிக்கடை கவரில், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். 2018 பொங்கலுக்கு லீவில் வந்த அண்ணன், ஏதோ ஆதார் வேலையாக அந்தக் கவரை எடுத்தபோது நாலாவதாக ஒரு காகிதம் கீழே விழுந்தது.

"இது இன்னாம்மா?"

"எவனோ வந்து கதவுல ஒட்டிட்டுப் போனாம்பா. மழை வந்தா நனைஞ்சிடுமேன்னு பிச்சு உள்ள வெச்சேன்."

கோர்ட்டு சம்மன். அதை ஒரு சொட்டு நனையாமல் பெரியம்மா ஏழு மாசம் காப்பாற்றி வைத்திருந்தாள். அதற்குள் கோர்ட்டில் மூன்று தடவை அண்ணன் பெயரைக் கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று எழுதி, எதிராளி பக்கம் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பும் கொடுத்து முடித்திருந்தார்கள். நம்மூர் பாஷையில் 'எக்ஸ்பார்ட்டி'. அண்ணன் அப்போது நாட்டின் இன்னொரு மூலையில், துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். ராணுவத்தில் ஹவில்தார். ஊர் ஐயங்கார்குளம். காஞ்சிபுரத்திலிருந்து டவுன் பஸ் தூரம். பெயர்தான் குளம், நேரில் பார்த்தால் ஏரி. விஜயநகரத்து ராஜாக்கள் காலத்தில் தாதாச்சாரியார் வெட்டியது. கரையில் சஞ்சீவிராயர் கோயில். பக்கத்தில் நடவாவிக் கிணறு. படியிறங்கி பூமிக்குள்ளே போனால் மண்டபம், மண்டபத்துக்கு நடுவில் கிணறு. சித்ரா பௌர்ணமிக்குத் தண்ணீரை இறைத்துவிட்டு, காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளை அதற்குள் எழுந்தருளச் செய்வார்கள். அன்றைக்கு ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற 364 நாளும் ஆடு மேயும்.

வழக்கு மூன்று சென்ட் நிலத்தைப் பற்றியது. பெரியம்மா வீட்டுக்கும் பங்காளி வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அதன் வழியாகப் போனால் பின்னால் ஒரு கிணறு. சந்தின் ஒரு பக்கத்தைச் சேர்த்துத்தான் அண்ணன் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தான். மொத்தச் சந்தும் தனக்கே பாத்தியம், அண்ணன் அதில் கால் வைக்கக் கூடாது என்று பங்காளி வாங்கியிருந்ததுதான் அந்தத் தீர்ப்பு. மூன்று சென்ட்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். 14 வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த ஜல்லியும் கம்பியும் அந்த மண்ணுக்குள் கிடக்கிறது, ஸார். தவிர, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மனை என்றால் ஒரு வெறி. உத்திரமேரூர் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில் குடவோலையில் பெயர் எழுத வேண்டும் என்றால், வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். ஆயிரத்து நூறு வருஷத்துப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் விடுமா?

பிராது நகலை வாங்கிப் பார்த்தோம். பிரதிவாதியின் தொழில் என்கிற இடத்தில் 'விவசாயம்' என்று இருந்தது. அண்ணனுக்கு வேப்ப மரத்துக்கும் புங்க மரத்துக்கும் வித்தியாசம் தெரியும், அத்தோடு சரி. அவன் பட்டாளத்தான் என்று பங்காளிக்குத் தெரியாதா? அதற்கு முந்தின பொங்கலுக்கு மிலிட்டரி கேன்டீன் பாட்டில் ஒன்று கேட்டு வாங்கி, 'நம்ம பையன் கொண்டாந்தான்' என்று தெருவுக்கே காட்டியவர் அவர்தான்.

குடும்பத்தில் 'படிச்சவன்' என்ற பட்டத்தை நான் சுமக்கிறேன். பி.காம். அதில் 'மெர்க்கன்டைல் லா' என்று ஒரு பேப்பர் உண்டு. 52 மார்க். அந்தத் தகுதியில் அண்ணனை டவுனில் ஒரு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். (எந்த ஊர் வக்கீல், எந்தக் கோர்ட்டு என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது.)

வக்கீல் காகிதத்தைப் பார்த்தார். அண்ணன் மீசையைப் பார்த்தார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. எக்ஸ்பார்ட்டிதானே, ரத்து பண்ணிடலாம். மாசி மாசம் பொறக்கட்டும். நீங்க எப்ப ஊருக்கு?"

"பிப்ரவரி 8 ரிப்போர்ட் பண்ணணும் சார்."

"அடுத்து எப்ப வருவீங்க?"

"அதை மேலேருந்துதான் சார் சொல்லணும்."

மேலே என்றால் கடவுள் என்று வக்கீல் நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஃபீஸ் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அண்ணன் ரேங்க்கில் உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவ், 30 நாள் கேஷுவல் லீவ். கேட்க ஜோராக இருக்கும். ஆனால் கிடைக்கிறபோதுதான் கிடைக்கும், கேட்கிறபோது இல்லை. அதிலும் ரயில் போக வர அஞ்சு நாள், அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி ஒரு நாள், மாமியார் வீடு மூன்று நாள், குலதெய்வம் ஒரு நாள். மிச்சத்தில் கோர்ட்டுக்கு. கோர்ட்டோ, வாய்தாவுக்கு வாய்தா ஆறு வாரம், எட்டு வாரம் என்று தன் போக்கில் நடக்கிற இடம். இரண்டு காலண்டரும் ஒரு தேதியில் சந்தித்தால் அது கிரகணம் மாதிரி அபூர்வம். ஆபீஸில் அரை நாள் பர்மிஷன் கேட்டே அல்லாடுகிற நமக்கு இந்த வேதனை கொஞ்சமாவது புரியும்.

குளத்தங்கரை டீக்கடையில் ஒரு ரிடையர்டு சுபேதார் வருவார். எங்கள் புலம்பலைக் கேட்டுக்கொண்டே டீயை முடித்தார். டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ பி.காம். தானே? தீர்ப்பை ரத்து பண்ண எத்தனை நாள் டைம்னு தெரியுமா?" என்றார்.

தெரியாது.

"முப்பது நாள். தீர்ப்புத் தேதியிலேர்ந்து முப்பது. சம்மன் ஒழுங்கா சர்வ் ஆகலைன்னா, தீர்ப்பு வந்தது தெரிஞ்ச நாளிலேர்ந்து முப்பது. உங்க வக்கீல் மாசிக்கு நாள் பார்த்தா மாசிக்கு வெத்தலை பாக்குதான் வெக்கலாம்."

அன்று இரவு அவர் வீட்டுத் திண்ணையில் பழுப்பு நிற நோட்டு ஒன்றைப் பிரித்தார். சர்வீஸில் இருந்தபோது தன் கம்பெனிப் பையன்களுக்காக எழுதி வைத்த நோட்டு. அதில் இருந்ததைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பட்டாளத்தான் இருப்பான். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள், ரேஷன் கார்டு கவரில் வேண்டாம்.

முதல் விஷயம், சம்மன். பிரதிவாதி சிப்பாயாக இருந்தால் சம்மனை வீட்டுக் கதவில் ஒட்டுவது முறையில்லை. அதைக் கோர்ட்டு அவனுடைய கமாண்டிங் ஆபீசருக்கு அனுப்ப வேண்டும். அவர் அவன் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். 1908-ம் வருஷத்து சிவில் புரொசீஜர் கோடு, ஆர்டர் 5, விதி 28. 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்று போட்டால் ஊர் பெயரே இல்லாமல் கடுதாசி பனிமலைக்குப் போய்ச் சேருகிற நாட்டில், கோர்ட்டுக் கடுதாசி மட்டும் போகாதா என்ன? ஆனால் பிராதில் 'விவசாயம்' என்று எழுதிவிட்டால் கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? பங்காளியின் கெட்டிக்காரத்தனம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

இரண்டாவது, ஆள் வர முடியாவிட்டால் என்ன செய்வது. அதே கோடில் ஆர்டர் 28. வழக்கு நடத்த லீவு கிடைக்காத சிப்பாய், தனக்குப் பதிலாக வழக்கை நடத்த யாரையாவது நியமிக்கலாம். ஒரு கடிதம் எழுதி, கமாண்டிங் ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மேலொப்பம் இட வேண்டும். கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மேலொப்பமே போதிய சாட்சி. கையெழுத்து அவனுடையதுதானா, லீவு உண்மையிலேயே கிடைக்கவில்லையா என்று தனியாக யாரும் நிரூபிக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் ராஜா. 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டம், பிரிவு 32. வழக்குக்காக லீவு கொடுத்திருக்கிறோம், அல்லது லீவு கேட்டிருக்கிறான் என்று ராணுவ அதிகாரி ஒரு சான்றிதழ் தருவார். முதல் நாள் எது, கடைசி நாள் எது, என்ன வழக்கு எல்லாம் அதில் இருக்கும். அதைக் கொடுத்து மனுப் போட்டால், முடிந்தவரை அந்த லீவு நாட்களுக்குள்ளேயே வழக்கை விசாரித்து முடிக்கக் கோர்ட்டு ஏற்பாடு செய்ய வேண்டும். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. முடியவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்று காரணத்தை எழுதி வைக்க வேண்டும். சிப்பாய் கேட்டால் அதன் நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும். காரணம் எழுதித் தருகிற கோர்ட்டு! நம் ஆபீஸ் மேனேஜர்கள் படிக்க வேண்டிய பிரிவு. விமானப்படைச் சட்டத்திலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு.

"28-ஐ ஞாபகம் வெச்சுக்கோ" என்றார் சுபேதார். "சம்மனுக்கு விதி 28. ஆள் நியமிக்க ஆர்டர் 28. சிப்பாய் சம்பளத்தையும் துப்பாக்கி, யூனிபார்மையும் சிவில் கோர்ட்டு ஜப்தி பண்ணக் கூடாதுன்னு ஆர்மி ஆக்ட் 28. பட்டாளத்துக்கு ராசியான நம்பர்."

இந்த இடத்தில் நான் சுபேதாரிடமே ஒரு சந்தேகம் கேட்டேன். அப்படியானால் பெண்டாட்டிக்கு ஜீவனாம்சம் கொடுக்காமல் ஓடுகிறவனும் இதற்குள் ஒளிந்துகொள்ளலாமே? அவர் முகம் மாறிவிட்டது. "நடக்காது. பெண்டாட்டி பிள்ளைக்குச் சோறு போடாதவன் சம்பளத்துல ராணுவமே பிடிச்சுக் கொடுக்கலாம்னு அதே சட்டத்துல இருக்கு. என் கம்பெனியிலயே ஒருத்தன்..." என்று ஆரம்பித்தவர், வீட்டம்மா வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தக் கதை பாக்கி.

இது எல்லாவற்றுக்கும் தாத்தா ஒரு சட்டம் உண்டு. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றினார்கள். அவன் பிரான்சில் சேற்றுக் குழியில் உட்கார்ந்திருக்க, ஊரில் நிலத்தின் மேல் வழக்கு நடந்தால்? நிலத்தைப் பற்றிய கவலை வந்துவிட்டால் சிப்பாய் சுடுவதெங்கே? வெள்ளைக்காரன் 1918-ல் ஒரு சட்டம் போட்டான். அதைத் திருத்தி 1925-ல் போட்டதுதான் 'இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம்'. போர்ச் சூழ்நிலையிலோ, கடல் கடந்தோ, அரசு அறிவிக்கிற சிறப்பு இடங்களிலோ பணியில் இருக்கிறவன் மேல் சிவில், ரெவின்யூ வழக்கு நடந்தால், அதை நிறுத்தி வைக்க வழி செய்கிறது. சிறப்புப் பணியில் இருந்த காலத்தைக் காலக்கெடுக் கணக்கிலிருந்து கழித்துவிடவும் சொல்கிறது. வேடிக்கை, அமெரிக்காவிலும் அதே 1918-ல் இதே மாதிரி ஒரு சட்டம். 2003-ல் அதைப் புதுப்பித்தார்கள். அங்கே எதிராளி வராத வழக்கில் தீர்ப்புக் கேட்கிறவர், 'அவர் படையில் இருக்கிறாரா இல்லையா' என்று முதலில் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அந்த ஒரு வரி ஐயங்கார்குளத்தில் இருந்திருந்தால் எனக்கு நாலு வருஷம் மிச்சம்.

1925 சட்டத்தில் எனக்குப் பிடித்தது கலெக்டர் சமாசாரம். தன் ஜில்லாவில் வீடோ சொத்தோ உள்ள ஒரு சிப்பாய், தன் மேல் நடக்கிற வழக்கில் ஆஜராக முடியாமல் இருக்கிறான் என்று கலெக்டருக்குத் தெரிந்தால், அவரே கோர்ட்டுக்குச் சான்று எழுதலாம். உடனே கோர்ட்டு வழக்கை நிறுத்தி, ராணுவத்தில் அதற்கான அதிகாரிக்கு நோட்டீஸ் அனுப்பும். இரண்டு மாசத்துக்குள் அவரிடமிருந்து சான்றிதழ் வராவிட்டால்தான் மேற்கொண்டு நடத்தலாம். அதாவது, படிக்காத ஒரு தாய் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று, 'என் பிள்ளை பட்டாளத்துல இருக்கான், வூட்டு மேல கேஸு' என்று ஒரு மனுக் கொடுத்தால் போதும். பெரியம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் அந்தச் சம்மன் கவருக்குள் போயிருக்காது. ஒரு பரீட்சை இருக்கிறது, சிப்பாய் இருக்கிற இடம் அந்தச் 'சிறப்பு' கணக்கில் வர வேண்டும். அண்ணன் அந்தச் சமயம் அமைதியான கன்டோன்மென்ட் ஒன்றில் இருந்தான். அதனால் தாத்தா எங்களுக்கு உதவவில்லை. பேரன்களை வைத்துத்தான் ஓட்டினோம்.

முதல் வக்கீலிடமிருந்து கட்டை வாங்கி, சுபேதார் சொன்ன ஒரு இளம் வக்கீலிடம் போனோம். 27-வது நாள் மனு தாக்கல். மறுநாள் அண்ணனை ரயிலேற்றினேன். ஜன்னலுக்குள்ளிருந்து, "டேய், அஸ்திவாரத்து மேல தார்ப்பாய் போட்டு வை" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாசத்தில் அவன் யூனிட்டிலிருந்து ஸ்பீட் போஸ்ட் வந்தது. 'என் தம்பி இன்னாரை நியமிக்கிறேன்.' கீழே அண்ணனின் கோணல் தமிழ்க் கையெழுத்து. அதற்கும் கீழே ஒரு கர்னலின் மேலொப்பம், வட்ட முத்திரை. வாழ்க்கையில் என் பெயர் இவ்வளவு கௌரவமான காகிதத்தில் வந்ததில்லை, என் கல்யாணப் பத்திரிகை உள்பட.

கோர்ட்டு கிளார்க் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "பவர் பத்திரம்னா ஸ்டாம்பு பேப்பர் எங்க? நோட்டரி சீல் எங்க?"

"சார், இது பவர் இல்ல. ஆர்டர் 28."

"28-ஆ? நான் பார்த்ததே இல்லையே."

அவர் மேல் தப்பில்லை. சர்வீஸில் இப்படி ஒரு காகிதம் வந்தால்தானே பார்ப்பார். வக்கீல் புத்தகத்தைத் திறந்து காட்டினார். கிளார்க் பொறுமையாகப் படித்து, "அட, ஆமா" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கப்புறம் அவர்தான் எங்களுக்கு அந்தக் கோர்ட்டில் பெரிய சிநேகிதம்.

முதல் வாய்தா அன்று டபேதார் அண்ணன் பெயரைக் கூப்பிட்டார். நான் முன்னால் போய் நின்றேன். நீதிபதி கட்டைப் பார்த்தார். 'ஹவில்தார்' என்று இருந்தது. என்னைப் பார்த்தார். குறிப்பாக, பெல்ட்டுக்கு மேலே வழிகிற பாகத்தைப் பார்த்தார்.

"எந்த ரெஜிமென்ட்?"

"பி.காம். ஐயா."

கோர்ட்டு சிரித்தது. எதிர்த்தரப்பு வக்கீலும் சிரித்தார். பங்காளி மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வக்கீல் குமாஸ்தாக்கள் எனக்கு வைத்த பெயர் 'சுபேதார் பி.காம்.'

சம்மன் கமாண்டிங் ஆபீசர் வழியாகப் போகவில்லை என்ற காரணம் எடுபட்டது. 2018 ஜூலையில் எதிராளிக்குச் செலவுத்தொகை ஆயிரம் ரூபாய் கட்டச் சொல்லி, பழைய தீர்ப்பை ரத்து செய்தார்கள். ஆயிரம் ரூபாயைப் பங்காளி கையில் கொடுக்கும்போது அவர் எண்ணிப் பார்த்தார். வயிறு எரிந்தது.

பிறகு வழக்கு முறைப்படி ஓடத் தொடங்கியது. வாய்தாக்களுக்கு நான் போவேன். ஆனால் சாட்சிக் கூண்டில் நான் ஏறி என்ன சொல்ல? அஸ்திவாரம் போட்டது அண்ணன், பெரியப்பா எல்லைக்கல் காட்டியது அவனுக்கு. அவனே வர வேண்டும்.

2019-ல் லீவு கிடைத்தது. எப்போது? மே மாசம். பெட்டியோடு வந்து இறங்கிய அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மே மாசம் சிவில் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை, ஸார். எல்லையில் நிற்கிறவனுக்கு லீவு கிடைத்த மாசத்தில் கோர்ட்டு லீவில் போய்விட்டது. பிரிவு 32-க்கு வாய் இருந்தால் அழுதிருக்கும். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். செங்கல் இடுக்கில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. அன்று பூராவும் அதைப் பிடுங்கினான்.

அடுத்த தடவை விவரமாக நடந்துகொண்டோம். நான் கோர்ட்டு காலண்டரைப் பார்த்து எழுதி அனுப்பினேன், அவன் அதற்கேற்ப நவம்பருக்கு லீவு கேட்டான். லீவு கேட்டிருப்பதாக யூனிட் கொடுத்த சான்றிதழ் முன்கூட்டியே வந்தது. (லீவு கிடைத்த பிறகுதான் சான்றிதழ் என்று இல்லை, விண்ணப்பித்திருந்தாலே போதும். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.) மனுவைப் பார்த்த நீதிபதி டைரியைப் புரட்டி, லீவுக்குள் மூன்று தேதி கொடுத்தார். ஆறு வாரத்துக்கு ஒரு தரம் அசைகிற கட்டு, வாரத்துக்கு ஒரு தரம் அசைந்தது. பங்காளி சாட்சி சொன்னார். அண்ணன் கூண்டில் ஏறினான். அட்டென்ஷனில் நின்றான். "ரிலாக்ஸா நில்லுங்க" என்றார் நீதிபதி. முடியவில்லை அவனுக்கு.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "வருஷத்துல பத்து மாசம் ஊரிலேயே இல்லாத உங்களுக்கு எல்லை எது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தான். "எல்லை பார்க்கிறதுதான் ஐயா எனக்கு வேலை" என்றான்.

சினிமாவாக இருந்தால் அங்கேயே தீர்ப்பு. நிஜத்தில், சர்வேயரை வைத்து அளந்து கமிஷனர் தர வேண்டிய அறிக்கை வரவில்லை. லீவு முடிந்தது. நீதிபதி அரைப் பக்கத்துக்குக் காரணம் எழுதினார், கமிஷனர் அறிக்கை நிலுவையில் இருப்பதால் முடிக்க இயலவில்லை என்று. நகல் கேட்டோம். கட்டணமில்லாமல் கொடுத்தார்கள். அண்ணன் அதை லாமினேட் செய்து பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். "எதுக்குண்ணே?" என்றேன். "சி.ஓ. கேப்பாரு, லீவுல போய் இன்னா பண்ணேன்னு" என்றான். அடுத்த லீவுக்கு அந்த அரைப் பக்கம் பெரிய சிபாரிசாக இருந்தது என்று பிறகு சொன்னான்.

2020-ல் கொரோனா. கோர்ட்டு, பஸ், சர்வேயர் எல்லோரும் வீட்டில். அண்ணன் மட்டும் டியூட்டியில்.

2021 கடைசியில் அளந்தார்கள். 2022 பிப்ரவரியில், மறுபடி ஒரு சான்றிதழ், மறுபடி ஒரு மனு, லீவின் 19-வது நாள் தீர்ப்பு. அஸ்திவாரம் இருக்கிற பாகம் எங்களுடையது. கிணற்றுக்குப் போகிற வழி இரண்டு வீட்டுக்கும் பொது. பங்காளி அப்பீல் போகவில்லை. செலவைக் கணக்குப் பார்த்திருப்பார். நானும் பார்த்தேன். மூன்று சென்ட் விலையில் முக்கால்வாசி போக்குவரத்திலும் ஜெராக்ஸிலும் போயிருந்தது. பி.காம். படித்ததில் இந்த மாதிரி வருத்தங்கள்தான் மிச்சம்.

அந்த வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு நடவாவிக் கிணற்றுப் படியில் கூட்டம் நெருக்கியபோது, பங்காளி வீட்டம்மாள் தடுமாற, பெரியம்மா கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் பேசவில்லை. பெருமாள் போகிற வரைக்கும் கையை விடவும் இல்லை.

வீடு 2023-ல் எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்கு அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, வீடியோ காலில்தான் பால் பொங்குவதைப் பார்த்தான்.

இப்போதெல்லாம் இந்த மாதிரி விஷயத்துக்கு டீக்கடை சுபேதாரை நம்பியிருக்க வேண்டாம். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் படைவீரர் குடும்பங்களுக்கென்றே ஒரு இலவசச் சட்ட உதவித் திட்டம் ஆரம்பித்திருக்கிறது. முன்னாள் படைவீரர் நலன் பார்க்கிற ஜில்லா அலுவலகங்களில் சட்ட உதவி மையம் வைப்பது என்று ஏற்பாடு. நல்ல விஷயம். அங்கே உட்காருகிற வக்கீல்களுக்கு அந்த மூன்று 28-ஐயும் அந்த 32-ஐயும் யாராவது ஒரு அட்டையில் எழுதி மேஜை மேல் வைத்தால் இன்னும் நல்லது.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். வழக்கு நடந்த வருஷங்களில், நான் காலையில் தார்ப்பாயைப் பார்க்கப் போகும்போதெல்லாம் குளத்தங்கரையில் ஒரு பையன் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பான். பங்காளியின் மகன். ஆர்மி செலக்‌ஷனுக்குத் தயாராகிறானாம். எங்கள் அண்ணனைப் பார்த்துத்தான் அந்த ஆசை வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அக்னிவீரராகச் சேர்ந்துவிட்டான். அவர்களுக்கு வருஷத்துக்கு 30 நாள்தான் லீவு.

போன மாசம் பங்காளி என் வீட்டுக்கு வந்தார். நாலு வருஷத்தில் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒண்ணும் இல்ல தம்பி. என் தம்பிக்காரன் பையன் பேர்ல இருக்கிற கொல்லை மேல கேஸ் போட்டுட்டான். பையனுக்கு லீவு இல்லேங்கிறான். நீ அப்ப ஒரு கடுதாசி வெச்சிருந்தியே, கர்னல் கையெழுத்துப் போட்டது..."

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். தெருமுனைக் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர், வாசலிலேயே நின்றார்.

"இதுல உன் பேரு இருக்கிற எடத்துல யாரு பேரப் போடறது? எனக்குக் கோர்ட்டு, கீர்ட்டெல்லாம் ஒத்து வராது. நீ நல்லா நடத்துனே."

அடுத்த வாய்தா 18-ம் தேதி. ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு ரூபாயை என் கணக்கில் எழுதியிருக்கிறார்.